ஏழு இருபது நட்சத்திரம்

எனக்குக் கோபம் வரும். இதை முதல்லயே சொல்லிடறேன், பின்னால யாரும் என்னைப் பத்தி நல்லபடியா நினைச்சு ஏமாற வேண்டாம். மந்தைவெளியில எங்க ஃப்ளாட்ஸ்ல மொத்தம் பதினாறு வீடு. அதுல ஒன்பது வீட்டோட நான் ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கேன். மீதி ஏழுல மூணு பூட்டிக் கிடக்கு.

பேர் மர்சலின். வயசு நாற்பத்தேழு. மயிலாப்பூர்ல ஒரு காலேஜ்ல இயற்பியல் நடத்தறேன். இருபது வருஷத்துக்கு முன்னாடி வானியல் ஆராய்ச்சியில இருந்தேன், அதைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன். என் கூட இருந்த ஹஸன் அங்கேயே நின்னு, இப்ப தரமணி பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்துல பெரிய ஆள். ஏன் விட்டேன்னு கேக்கறவங்ககிட்ட கைடு சரியில்லைன்னு சொல்லுவேன். கைடு சரியில்லாதவங்க எல்லாரும் விட்டுட்டா ஊர்ல ஒரு டாக்டர் பட்டம்கூட மிஞ்சாதுன்னு எனக்கும் தெரியும். "பி.எச்டி. முடிக்கலையா மேடம்?"னு ஒவ்வொரு ஜூன் மாசமும் ஸ்டாஃப் ரூம்ல புதுசா சேர்ந்த யாராவது கேப்பாங்க. அந்தக் கேள்வியை ஒரேயடியா அடைக்கற மாதிரி ஒரு பதில் வேணும். இருபது வருஷமா எனக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான். அந்தப் பதில் கைக்கு வந்துடுச்சுன்னு நம்பிக்கிட்டிருந்தேன்.

ஆரம்பிச்சு வச்சது குருபிரசாத். மூணாவது மாடி, பெருங்குடியில ஐ.டி. வேலை, என்னை விடப் பன்னெண்டு வயசு சின்னவன், என்னை அக்கான்னு கூப்பிடுவான். அவன்கிட்ட எட்டு அங்குல டெலஸ்கோப்பும், வெளிச்சத்தைப் பிரிச்சுப் பதிவு பண்ற ஒரு கருவியும் இருந்துச்சு. வாங்கினது மட்டும்தான் அவன். அதை வச்சு என்ன பண்ணலாம்னு தெரியாம நிலாவைப் படம் எடுத்து வாட்ஸப்ல போட்டுக்கிட்டிருந்தான். "இந்தக் கருவிக்கு இதுவே அவமானம்டா"ன்னு சொன்னேன். அப்ப நீங்களே சொல்லுங்கக்கா என்ன பண்றதுன்னான். கருந்துளை தேடலாம்னேன். அவன் சிரிச்சான். நான் சிரிக்கலை.

கருந்துளையை யாராலயும் பார்க்க முடியாது. அது பக்கத்துல நிக்கற ஆளைக் கவனிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். எலியட்ஸ் பீச்சுல இருட்டினப்புறம் ஒருத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நாயைக் கூட்டிட்டு நடக்கறார்னு வச்சுக்குங்க. நாய் கறுப்பு, கண்ணுக்குத் தெரியலை. சட்டை இங்கயும் அங்கயும் இழுபடறது மட்டும் தெரியுது. லேசா அசைஞ்சா பொமரேனியன். மனுஷன் தடுமாறி ஓடினா ராஜபாளையம். நட்சத்திரத்துலயும் அதே கணக்குதான். அதோட வெளிச்சத்தைப் பிரிச்சா நடுநடுவுல கறுப்புக் கோடுங்க இருக்கும். நட்சத்திரம் நம்ம பக்கம் வந்தா அந்தக் கோடுங்க நீலத்துப் பக்கம் நகரும், விலகிப் போனா சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்துச்சுன்னு அளந்தா வேகம் தெரிஞ்சுடும். அந்த வேகமும், ஒரு சுத்துக்கு எத்தனை நாள்ங்கறதும் தெரிஞ்சா, இழுக்கற ஆளோட எடையைக் கணக்குப் போட்டுடலாம். எடை அஞ்சு சூரியனுக்கு மேல வருது, ஆனா அந்த இடத்துல வெளிச்சமே இல்லைன்னா அது கருந்துளைதான். அவ்வளவு எடையுள்ள நட்சத்திரம் எங்கயும் போய் ஒளிஞ்சுக்க முடியாது.

ஐரோப்பியர்கள் அனுப்பின ஒரு விண்கலம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களை அளந்து பட்டியல் போட்டிருக்கு. யார் வேணும்னாலும் இறக்கிப் பார்க்கலாம். அதுல மிதுன ராசிப் பக்கம் ஒரு நட்சத்திரம், நம்ம சூரியன் மாதிரி சாதாரணமானது. வேகம் ஒரு நிலையில இல்லைன்னு மட்டும் ஒரு குறிப்பு. நூத்திப் பத்து ஒளியாண்டு தூரம். வானத்துல அது பக்கத்து வீடு. அதைப் பிடிச்சுக்கிட்டோம். ஜனவரியில இருந்து மே வரைக்கும், ரெண்டு வருஷம், மூணாவது வருஷம் பாதி. மேகம், கல்யாணம், எக்ஸாம் டியூட்டி எல்லாம் போக எண்பத்து மூணு ராத்திரி.

எண்பத்து மூணு புள்ளியையும் தாள்ல போட்டா அழகா ஒரு அலை வந்துச்சு. நட்சத்திரம் நொடிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துல வருது, போகுது, நாற்பது நாளுக்கு ஒரு சுத்து. புள்ளிங்க கொஞ்சம் சிதறித்தான் இருந்துச்சு. கருவி சின்னது, அதான்னு விட்டுட்டோம். எடையைக் கணக்குப் போட்டேன். கிட்டத்தட்ட ஆறு சூரியன். மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் ஆறு. இதுவரைக்கும் தெரிஞ்ச கருந்துளைங்கள்ல நமக்குப் பக்கத்துல இருக்கறதே ஆயிரத்து ஐந்நூறு ஒளியாண்டுக்கு மேல. நம்மளது நூத்திப் பத்து. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை. சந்தோஷத்துல பசிக்கலைங்கறது எல்லாம் கதையில மட்டும்னு நினைச்சுக்கிட்டிருந்தவ நான்.

கட்டுரையை எழுதி முடிச்சு ஒரு பிப்ரவரி புதன்கிழமை ஹஸனுக்கு அனுப்பினேன். முதல் பேர் என்னுது. திங்கட்கிழமை ஆய்விதழுக்கு அனுப்பறதா முடிவு. அன்னைக்குச் சாயங்காலமே ஹஸன் போன் பண்ணினான்.

"நல்லா எழுதியிருக்க மர்சி. நிஜமாவே நல்லா இருக்கு."

"ஆனா?"

"ஆனா எல்லாம் ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு சின்ன விஷயம், உனக்கு முடிஞ்சா மட்டும். எல்லாப் புள்ளியும் ஏழு இருபதுக்கு எடுத்திருக்க. ஒரே ராத்திரியில நாலு மணி நேரம் விட்டு ரெண்டாவது ஒண்ணு எடுத்தா நல்லா இருக்கும். முடியலைன்னா பரவாயில்லை."

"முடியாதுப்பா. எங்க ஃப்ளாட்ஸ் செக்ரட்டரி எட்டு மணிக்கு மாடியைப் பூட்டிடும்"னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

அது உண்மைதான். ஏழு மணிக்கு எங்க வாட்ச்மேன் அறிவு மொட்டை மாடியைத் திறந்து விடுவார். டெலஸ்கோப் மேல போட்ட உறையைக் கழட்டி, சரி பண்ணி, ஏழு இருபதுக்கு ஆரம்பிப்போம். ஏழே முக்காலுக்கு மூடிடணும். சரியா எட்டு மணிக்கு அறிவு சாவியோட வந்து நிப்பார். "இன்னாம்மா, முட்சாச்சா? எட்டாய்ட்சு"ன்னு ஒரே வார்த்தைதான். செக்ரட்டரி வைதேகி மாமி போட்ட சட்டம். டெலிபோன்ஸ்ல இருந்து ரிடயர் ஆனவங்க, மூணு வருஷமா அவங்களோட எனக்குப் பேச்சு கிடையாது.

போனை வச்சுட்டு அடுப்புல பாலை வச்சேன். பால் பொங்கறதுக்குள்ள எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு.

கபாலி கோயில் தெப்பக்குளத்தை ஒருத்தர் சுத்தி வர்றார். ஒரு சுத்துக்கு அவருக்கு ஒரு நாளும் முப்பத்தேழு நிமிஷமும் ஆகுதுன்னு வச்சுக்குங்க. நீங்க தினமும் ஏழு இருபதுக்கு மட்டும் போய்ப் பார்க்கறீங்க. நேத்து நின்ன இடத்தை இன்னைக்கு அவர் இன்னும் எட்டலை, கொஞ்சம் இந்தப் பக்கம் நிக்கறார். நாளைக்கு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். நாற்பதாவது நாள் பழைய இடத்துலயே நிக்கறார். அடேயப்பா, ஒரு சுத்து வர நாற்பது நாளான்னு நீங்க வாயைப் பிளப்பீங்க. நடுவுல தினம் தினம் அவர் குளத்தையே ஒரு ரவுண்டு அடிச்சது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்க நட்சத்திரமும் ஒரு நாளைக்கு ஒரு சுத்து சுத்திக்கிட்டிருந்தா, எங்க எண்பத்து மூணு புள்ளியும் இதே மாதிரிதான் வரும். அப்படின்னா வட்டம் ரொம்பச் சின்னது. சின்ன வட்டத்துல இழுத்துப் பிடிக்க ஆறு சூரியன் வேண்டாம், முக்கால் சூரியன்கூட வேண்டாம். செத்துப் போன ஒரு குட்டி நட்சத்திரமே போதும். வானத்துல அது தெருவுக்குத் தெரு இருக்கு.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆய்வுல சேர்ந்த முதல் வருஷமே சொல்லிக் குடுப்பாங்க.

குருகிட்ட சொன்னேன்.

"நாற்பது நாள்ங்கறதும் சரியா இருக்கலாம் இல்லக்கா?"

"இருக்கலாம்."

"அப்ப அனுப்பிடலாம். தப்புன்னா அவங்க கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்."

அப்படியே பண்ணிடலாம்னுதான் எனக்கும் தோணுச்சு. வியாழன் முழுக்க அதே நினைப்பு. நான் ஒண்ணும் பெரிய உத்தமி கிடையாது. வெள்ளிக்கிழமை கிளாஸ்ல ஊசலோட அலைவு நேரத்தை நடத்தும்போது, ஒரு பொண்ணு ஒரே ஒரு அலைவை மட்டும் அளந்துட்டு விடை எழுதியிருந்தா. "ஒரு தடவை பார்த்துட்டு எழுதிடுவியா, வெக்கமா இல்லை?"ன்னு அவ நோட்டை மூடி டெஸ்க்ல போட்டேன். அவ கண்ணு கலங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. சனிக்கிழமை காலையில எட்டரைக்கு வைதேகி மாமி வீட்டு பெல்லை அடிச்சேன்.

மாமி கதவைத் திறந்தாங்க.

"வாங்கோ"ன்னாங்க. "தண்ணி கிண்ணி ஒழுகறதா?"

"இல்லை மாமி. இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மாடி வேணும். ஒரே ஒரு நாள். உங்க சட்டம் எனக்குத் தெரியும், இருந்தாலும் கேக்கறேன்."

"என் சட்டமா?" மாமி உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துக்கிட்டு வந்தாங்க. "டெலஸ்கோப்புக்கு மேடை கட்டறதா மீட்டிங்ல சொன்னேள். தளம் ஒழுகுமான்னு நான் கேட்டேன், அவ்வளவுதான். நீங்க எழுந்து போய்ட்டேள். மறுநாள் இதைக் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போனேள்."

என் கையெழுத்துதான். கொட்டை எழுத்துல. 'எங்களுக்கு ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை போதும். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட உங்கள் மாடி எங்களுக்கு வேண்டாம். இதை மினிட்ஸில் ஏற்றிக் கொள்ளவும்.' கீழே கோணலா என் கையெழுத்து.

எனக்கு இது சுத்தமா ஞாபகம் இல்லை. மூணு வருஷமா, அந்தம்மா பூட்டிடுது, அந்தம்மா பூட்டிடுதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டிருந்தேன்.

"பத்து மணி வரைக்கும்னுதான் நான் கமிட்டியில சொல்லியிருந்தேன்"னாங்க மாமி. "நீங்க இப்படி எழுதினப்புறம் எட்டு மணிக்கு அறிவை அனுப்பலைன்னா, அதுக்கும் ஒரு லெட்டர் வருமோன்னு பயம். நமக்கேன் வம்புன்னு விட்டுட்டேன்."

"மன்னிச்சுக்குங்க மாமி"ன்னு சொன்னேன். எனக்கே என் குரல் புதுசா இருந்துச்சு. மாமி சாவியை எடுத்து என் கையில குடுத்துட்டு, காபி சாப்பிடறேளான்னு கேட்டாங்க. சாப்பிட்டேன்.

அன்னைக்கு வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. ஏழு இருபதுக்கு முதல் பதிவு எடுத்தோம். குரு லேப்டாப்ல உடனே கணக்குப் போட்டான். எங்களை விட்டு விலகற பக்கம், நொடிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். நாற்பது நாள் கணக்குப்படி நாலு மணி நேரத்துல ரெண்டு, மூணு குறையணும், அவ்வளவுதான். நாற்பத்தஞ்சு வந்தா கருந்துளை. வேற என்ன வந்தாலும் இல்லை. இதை அட்டையில எழுதி டெலஸ்கோப் பக்கத்துல வச்சேன், அப்புறம் என் மனசே எனக்குச் சாக்கு சொல்லக்கூடாது பாருங்க.

நாலு மணி நேரம் நாங்க அங்கேயே உக்காந்திருந்தோம். மாமி ஒன்பது மணிக்கு முறுக்கு டப்பாவோட மேல வந்து தண்ணி டாங்க் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தாங்க. என்ன பண்றேள்னு கேட்டாங்க. பீச்சு, நாய், எல்லாம் சொன்னேன். "அப்போ அது இருந்தா உங்களுக்கு நல்லது"ன்னாங்க. ஆமான்னேன். "எவ்வளவு நல்லது?"ன்னாங்க. ரொம்பன்னேன்.

பதினொண்ணு இருபதுக்கு ரெண்டாவது பதிவு. இருபது நிமிஷம் வெளிச்சம் சேர்க்கணும். அப்புறம் குரு கணக்கை ஓட்டினான். ஸ்க்ரீனைப் பார்த்தான், லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். நம்மளை நோக்கி வர்ற பக்கம், ஐம்பது. காலையில நெத்தியில பொட்டு வச்சுக்கிட்டுப் போன ஆள் சாயங்காலம் மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து நின்னா எப்படி இருக்கும், அப்படி மாறிப் போயிருந்துச்சு.

"விளக்கு சரியா எரியலையோ என்னவோ"ன்னான் குரு. அளவு சரிபார்க்க நாங்க ஏத்தற விளக்கைச் சொன்னான். "இந்த ஃபைலை விட்டுடலாம்க்கா. இது இருக்கறதே நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

விளக்கைத் திரும்ப ஏத்திப் பார்த்தேன். ஒழுங்கா இருந்துச்சு. இன்னொரு பதிவு எடுத்தோம். அதுல அறுபதைத் தாண்டிடுச்சு. நட்சத்திரம் எங்க கண் எதிர்லயே ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் டெலஸ்கோப் உறையைக் கையில வச்சுக்கிட்டு அழுதேன். சின்னதா எல்லாம் இல்லை, சத்தமாவே அழுதேன். ரெண்டு வருஷம் போச்சேன்னு இல்லை. அந்த ஸ்டாஃப் ரூம் கேள்விக்கு இனிமே பதிலே கிடையாதுன்னு அழுதேன். குரு கீழே குனிஞ்சுக்கிட்டான். மாமி என்னைத் தொடலை, எழுந்தும் போகலை. அழுது முடிச்சதும் மூணு ஃபைலையும் ஹஸனுக்கு அனுப்பிட்டு, மாடியைப் பூட்டிட்டு இறங்கினேன்.

ஞாயித்துக்கிழமை முதல் பூசைக்குப் போயிட்டு வந்து, குரு வீட்டுல உக்காந்துக்கிட்டு ஹஸனுக்குப் போன் போட்டேன்.

"கருந்துளை இல்லை. ஒரு நாள் சுத்து. பக்கத்துல இருக்கறது செத்த நட்சத்திரம்."

"ம்"ன்னான்.

அந்த 'ம்' எனக்கு இடிச்சுது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கோடுங்க அகலமா இருந்துச்சு மர்சி. நட்சத்திரம் தன்னைத்தானே வேகமாச் சுத்தினாத்தான் அப்படி அகலமாகும். சூரியனுக்கு ஒரு சுத்துக்கு இருபத்தஞ்சு நாள் ஆகுது, இது ஒரே நாள்ல சுத்துது. பக்கத்துல ஏதோ நெருக்கமா இருந்து பிடிச்சு வச்சிருக்கு. அதுவும் இல்லாம, ஆறு சூரியன் இழுத்திருந்தா அதோட இடமே வானத்துல ஆடியிருக்கும். விண்கலத்துப் பட்டியல்ல அப்படி ஒண்ணும் இல்லை."

ரெண்டுமே எனக்குத் தெரிஞ்ச விஷயம். ரெண்டையும் நான் பார்க்கலை. பார்க்கப் பிடிக்கலைன்னு சொன்னாத்தான் சரி.

"புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்"னான். அப்புறம் மெதுவா, "இருபது வருஷம் முன்னாடி உன் ஆய்வேட்டுல, மூணாவது அத்தியாயத்துல ஒரு குறி தப்பா இருக்குன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? கூட்டல் இருக்க வேண்டிய இடத்துல கழித்தல். வேற ஒண்ணும் இல்லை, ஒரு வாரத்துல திருத்தியிருக்கலாம். நீ கட்டோட தூக்கி என் மேசையில போட்டுட்டு பஸ் ஏறிப் போயிட்ட. நாளைக்கு வந்துடுவேன்னு நினைச்சேன். ஒரு மாசம் அந்தக் கட்டை எடுக்காம அப்படியே வச்சிருந்தேன்."

கைடு சரியில்லைன்னு இருபது வருஷமா நான் சொல்லிக்கிட்டிருந்தது குருவுக்கும் தெரியும். அவன் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தான்.

"இந்தத் தடவை நீயா பார்த்துக்கட்டும்னு விட்டேன்"னான் ஹஸன். "இப்ப போனை வைக்கப் போறியா?"

கோபம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், காது வரைக்கும் சூடாச்சு. கை தானா பொத்தான் பக்கம் போச்சு. மாமி வீட்டு ஃபைல்ல கொட்டை எழுத்துல இருந்த என் கையெழுத்துதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"வைக்கலை"ன்னேன். "இந்தக் கட்டுரையில வேற என்ன எல்லாம் தப்பு இருக்கு?"

"நிறைய இருக்கு மர்சி."

"சொல்லு."

அவன் நம்பலை போல. கொஞ்சம் காத்திருந்து பார்த்தான். அப்புறம் முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சான். நான் குருகிட்ட கையை நீட்டி ஒரு பேனா கேட்டேன்.